கரண்ட் வந்ததும் பில்லிங் தானாக எழ: உபுண்டுவில் எந்த வழி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளிலும், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து மொத்த வியாபாரக் கடைகளிலும் கவுன்டரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்க வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப்போட எந்த முதலாளிக்கும் மனசு வராது. அதனால் இந்தப் பக்கத்தில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு நிறைய வருகிறது. ஐந்து வருட ஆதரவு, காசு இல்லை, பழைய ஐ3-யிலும் எட்டு ஜிபி ராம் இருந்தால் மூச்சு வாங்காமல் ஓடும்.

மாறிய பிறகு வரும் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான். "இன்னாண்ணா, கரண்ட் வந்துச்சு, மெஷினும் ஆன் ஆச்சு, பில்லு மட்டும் வர்ல." கவுன்டர் பையன் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறக்கப் போவதில்லை, திறக்கவும் கூடாது. மெஷின் எழுந்தால் பில்லிங் திரை தானாக வந்து நிற்க வேண்டும். அதற்கு லினக்ஸில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எந்தக் கடைக்கு எது என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன் எந்த மாதிரி அமைப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே மெஷினில் மூன்று அடுக்கு. அடியில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். அதன் மேல் பில்லிங் ஆப், சின்ன வெப் சர்வராக ஓடுகிறது. மேலே அதைக் காட்டும் உலாவி. பக்கத்துக் கவுன்டரில் இன்னொரு மெஷின் இருந்தால் அதுவும் இதே சர்வரைத்தான் நெட்வொர்க் வழியாகப் பார்க்கும். இந்த மூன்றும் கீழிருந்து மேலாக, ஒன்று தயாரான பிறகே அடுத்தது என்று எழ வேண்டும்.

உடனே ஒதுக்க வேண்டியவை

பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்ப்பது முதல் வகை. ஒவ்வொரு முறை டெர்மினல் திறக்கும்போதும் ஆப் இன்னொரு தடவை கிளம்பும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மெஷின் எழும்போது ஓடும் ஆர்சி லோக்கல் என்ற பழைய கோப்பை இன்றும் சிலர் நம்பியிருக்கிறார்கள். உபுண்டு 2015-இல், 15.04 பதிப்பில், சேவைகளைக் கிளப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டிக்கு மாறியது. அந்தக் கோப்பு இருந்து, இயக்க அனுமதியும் இருந்தால் சிஸ்டம்டி அதை இன்னும் ஓட்டுகிறது. பழையவர்களுக்கான மரியாதை அவ்வளவுதான். எல்லாம் ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரத்தில் ஓடும், செத்தால் எழுப்ப ஆள் இல்லை. புதிதாக எழுதுபவர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

க்ரானின் ரீபூட் வரி

இதற்கு ரசிகர்கள் அதிகம், காரணமும் நியாயமானது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது க்ரான்; அதன் பட்டியலான க்ரான்டேபில் ஒரே ஒரு வரி, வேலை முடிந்தது. தினமும் டேட்டாபேஸை பென்டிரைவுக்குப் பிரதி எடுக்க எப்படியும் க்ரான் வைத்திருப்போம், அதோடு இதையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும்.

பிரச்சினை என்னவென்றால், இந்த வரி க்ரான் எழும் நேரத்தில் ஓடும். அந்த நொடியில் டேட்டாபேஸ் தயாரா, நெட்வொர்க் வந்ததா, யாராவது லாகின் செய்தார்களா என்று அதற்குத் தெரியாது. திரை என்பதே அதற்குக் கிடையாது, அதனால் உலாவியை இதிலிருந்து திறக்க முயல்வது வீண். கட்டளைகளைத் தேடும் பாதையும் மிகக் குட்டையானது. உபுண்டுவில் ஸ்னாப் என்ற தனிப் பொதியாக வரும் குரோமியம் உலாவி இருக்கும் இடம் அதில் இல்லை. டெர்மினலில் அடித்தால் ஓடுகிற கட்டளை க்ரானில் ஓடாததற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுத்துத்தான் எழுத வேண்டும். பிழைச் செய்தி வந்தால் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். மெயில் சர்வர் இல்லாத கடை மெஷினில் அது அப்படியே குப்பைக்குப் போகும். ஆகவே ஏன் ஓடவில்லை என்று கேட்டால் பதில் சொல்லத் தடயமே இருக்காது.

ஒரு தடவை ஓடி முடிந்துபோகும் சின்ன வேலைக்கு, உதாரணமாகப் பழைய தற்காலிகக் கோப்புகளை அழிக்க, க்ரான் போதும். நாள் முழுக்க உயிரோடு இருக்க வேண்டிய ஆப்புக்கு அது சரிவராது.

ஆட்டோஸ்டார்ட்: எளிமை, ஆனால் எல்லை உண்டு

விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரைப் பழகியவருக்கு இதுதான் சொந்த ஊர். யூசரின் சொந்த ஃபோல்டரான ஹோமுக்குள் கான்ஃபிக் என்ற மறைந்த ஃபோல்டர், அதற்குள் ஆட்டோஸ்டார்ட், அங்கே டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு. கையால் எழுதப் பயமாக இருந்தால் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்ற கருவியில் பெயரையும் கட்டளையையும் கொடுத்தால் அதுவே எழுதிக்கொள்ளும். க்னோம், கேடிஇ, சினமன் என்று எல்லா டெஸ்க்டாப்பும் இதே முறையைப் படிக்கின்றன. உபுண்டுவிலிருந்து மின்ட் என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறினாலும் அதே கோப்பு வேலை செய்யும்.

லாகின் ஆன பிறகே இது ஓடுவதால் திரை, ஒலி, பிரின்டர் ஐகான் எல்லாம் கைவசம் இருக்கும். உலாவி போன்ற, கண்ணுக்குத் தெரிய வேண்டிய எதற்கும் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் முடிவு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்து ஓட்டும் ஷெல் இந்தக் கட்டளை வரியைப் படிப்பதில்லை, அதனால் ஹோமைக் குறிக்கும் அலைக்குறி (~) போட்டால் அது அலைக்குறியாகவே நிற்கும். முழுப் பாதை எழுதுங்கள். அடுத்து, ஆட்டோ லாகின் வைத்தால் கடவுச்சொல் பெட்டகம் பூட்டியே இருக்கும். குரோம் திறந்ததும் 'பெட்டகத்தின் கடவுச்சொல் கொடு' என்று ஒரு சின்னப் பெட்டி பில்லிங் திரையின் மேல் வந்து உட்காரும். குரோமின் கட்டளை வரியிலேயே, பெட்டகத்தைத் தேடாமல் சாதாரணச் சேமிப்பைப் பயன்படுத்தச் சொல்லிவிடலாம். அந்த உலாவியில் பேங்க் கணக்கு எதுவும் திறக்கக்கூடாது என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆட்டோஸ்டார்ட்டால் முடியாதது: ஆப் பாதியில் செத்தால் அதற்குக் கவலை இல்லை. யாரும் லாகின் செய்யாவிட்டால் அது கிளம்பவே கிளம்பாது. வெப் சர்வரை இதில் வைத்தால், முதல் கவுன்டரில் ஒருவர் லாக் அவுட் செய்த நொடியில் இரண்டாவது கவுன்டரும் படுத்துவிடும்.

இன்னொன்று, கேட்டால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். இப்போதைய க்னோமில் இந்த டெஸ்க்டாப் கோப்புகளை உள்ளுக்குள் சிஸ்டம்டியே எடுத்துத் தன் யூனிட்டாக, அதாவது தான் கவனிக்கும் ஒரு சேவையாக, மாற்றித்தான் ஓட்டுகிறது. அதனால் ஆட்டோஸ்டார்ட்டில் ஓடியதன் பிழைச் செய்தியும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் கிடைக்கும்.

சிஸ்டம்டி: வேலை அதிகம், பலன் அதிகம்

யூனிட் கோப்பு எழுதுவது முதலில் கசக்கும். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் சில வரிகள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் அது கேட்கிறது: யாருடைய பெயரில் ஓட வேண்டும், எதற்குப் பிறகு, செத்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நொடி கழித்து. பில்லிங் ஆப்பின் சர்வர் பகுதிக்கு நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

ஆனால் சும்மா நகலெடுத்து ஒட்டினால் இதுவும் காலை வாரும். ரீஸ்டார்ட் என்ற வரியைச் சேர்த்துவிட்டு, இனி எப்போது செத்தாலும் எழுந்துவிடும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பில் மறுமுயற்சிகளுக்கு இடையே இடைவெளி 100 மில்லிசெகண்ட்தான். பத்து நொடிக்குள் ஐந்து முறை கிளம்பியும் நிலைக்கவில்லை என்றால் 'போதும்' என்று கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் எழ எட்டு நொடி எடுக்கிறது என்று வையுங்கள். ஆப் முதல் ஒன்றிரண்டு நொடியிலேயே ஐந்து முறை செத்து முடித்திருக்கும். ஒன்பதாம் நொடியில் டேட்டாபேஸ் தயார், எழுப்ப ஆள் இல்லை. இடைவெளியை ஐந்து நொடி என்று வைத்தால் பத்து நொடிக்குள் ஐந்து முறை என்ற எல்லையைத் தொடவே தொடாது. ஒரு வரி வித்தியாசம்தான்.

அடுத்த பொறி 'ஆஃப்டர்' என்ற வரி. அது வரிசையை மட்டும்தான் சொல்கிறது. முன்னால் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. உபுண்டுவில் போஸ்ட்கிரஸுக்கு இது இன்னும் சிக்கல். போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் தெரியும் சேவை வெறும் குடைதான். உண்மையான டேட்டாபேஸ், பதிப்பு எண்ணோடு இன்னொரு யூனிட்டாக ஓடுகிறது. குடையின் நிலையைக் கேட்டால், உள்ளே டேட்டாபேஸ் விழுந்து கிடந்தாலும், 'ஆக்டிவ்' என்று பச்சையில் சொல்லும். அந்தப் பச்சையை நம்பி இல்லாத இடத்தில் கோளாறு தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டம்டியிலேயே யூசர் சேவை என்று ஒரு வகை உண்டு. ரூட் தேவையில்லை, கோப்பு ஹோமுக்குள்ளேயே இருக்கும். இயல்பாக இது லாகினோடு பிறந்து லாக் அவுட்டோடு சாகும். 'லிங்கர்' என்பதை இயக்கினால் லாகின் இல்லாமலும் ஓடும். டெஸ்க்டாப் திரை தயாரான பிறகு கிளம்பு என்று சொல்ல ஒரு இலக்கும் (டார்கெட்) இருக்கிறது; க்னோமும் கேடிஇயும் அதை எழுப்புகின்றன, எல்லா டெஸ்க்டாப்பும் எழுப்பும் என்று எண்ண வேண்டாம். உலாவியை இதில் வைத்து, எப்போது மூடினாலும் திரும்பத் திற என்று சொல்லலாம்தான். பையன் தெரியாமல் மூடினால் நல்லது. முதலாளி வேண்டுமென்றே மூடினால் எரிச்சல். அதனால் உலாவிக்கு ஆட்டோஸ்டார்ட், சர்வருக்கு சிஸ்டம்டியின் சிஸ்டம் சேவை. இந்தக் கலவையைத்தான் நான் போட்டுக் கொடுக்கிறேன்.

இருபது நொடி தூங்கு என்று எழுதாதீர்கள்

எந்த வழியை எடுத்தாலும் ஸ்கிரிப்ட் நம்பகமாக இருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்வது அது காத்திருக்கும் விதம்தான். எல்லோரும் முதலில் எழுதுவது 'ஸ்லீப் 20'. தினமும் காலையில் கடை திறக்கும்போது அது சரியாகவே வேலை செய்யும். அதுதான் ஆபத்தே.

கரண்ட் பட்டென்று போன நாளில் போஸ்ட்கிரஸ் முறையாக மூடப்படவில்லை. மறுபடி எழும்போது, எழுதி வைத்த பதிவேட்டைத் திருப்பி ஓட்டி, விட்டுப்போன மாற்றங்களைச் சரிசெய்த பிறகே கதவைத் திறக்கும். அதுவரை வருகிறவர்களை 'இப்போதுதான் எழுகிறேன்' என்று திருப்பி அனுப்பும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எம்.சி. ரோட்டுக் கடையில் பில் மேல் பில் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், திருப்பி ஓட்ட வேண்டியதும் அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். வழக்கமான நாளில் போதுமான 20 நொடி, அதிகம் தேவைப்படும் நாளில்தான் போதாமல் போகும். பயந்துபோய் 90 நொடி என்று வைத்தால், தினமும் காலையில் எல்லோரும் சும்மா நிற்க வேண்டும்.

அதற்குப் பதில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. போஸ்ட்கிரஸோடு 'பிஜி ஈஸ்ரெடி' என்று ஒரு சின்னக் கருவி வருகிறது. தயாரா என்று கேட்டால் தயார், இல்லை என்று எண்ணாகப் பதில் சொல்லும். ஒரு நொடிக்கு ஒரு தடவை அதைக் கேட்டு, தயார் என்றதும் ஆப்பைக் கிளப்பும் ஒரு சிறு சுழற்சியை யூனிட்டின் முன்வேலையாகப் போடலாம். மேல் எல்லை கட்டாயம் வேண்டும், மூன்று நிமிடம் போல. அதற்குள் வரவில்லை என்றால் பிழை எண்ணோடு வெளியேறட்டும். சிஸ்டம்டி ஐந்து நொடி கழித்து மறுபடி முயலும். இங்கேயும் ஒரு கண்ணி: முன்வேலை உட்பட ஒரு சேவை கிளம்ப சிஸ்டம்டி தரும் இயல்பான நேரம் 90 நொடி. அதைத் தாண்டினால் சுழற்சியைப் பாதியில் கொன்றுவிடும். சுழற்சியின் எல்லையைவிடப் பெரிதாக அந்த நேரத்தையும் யூனிட்டில் நீட்டி எழுத வேண்டும்.

உலாவிக்கும் இதே கதைதான். ஆட்டோஸ்டார்ட் நேரடியாக உலாவியைக் கூப்பிடாமல் ஒரு ஸ்கிரிப்டைக் கூப்பிடட்டும். அது சர்வரின் முகவரியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்து, பதில் வந்ததும் கியோஸ்க் என்ற முழுத்திரை முறையில் உலாவியைத் திறக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் ஜெனிட்டி என்ற சின்னக் கருவி கொண்டு 'பில்லிங் தயாராகிறது, கொஞ்சம் பொறுங்க' என்று தமிழில் ஒரு பெட்டி காட்டுங்கள். வெறும் திரையைப் பார்த்தால் பையன் பவர் பட்டனை அழுத்துவான். அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து.

சில்லறை விஷயங்கள், ஆனால் இவைதான் கடிக்கும்

ஆப் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு அடையாளக் கோப்பு உருவாக்கி வைப்பது பழைய வழக்கம். கரண்ட் போனால் அந்தக் கோப்பு டிஸ்கில் அப்படியே கிடக்கும். அடுத்த முறை ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து 'நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேனே' என்று திரும்பிவிடும். 'எஃப்லாக்' பூட்டைப் பயன்படுத்தினால், ஆப் செத்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே அதை விடுவித்துவிடும். சிஸ்டம்டி சேவைக்கு இந்தத் தலைவலியே இல்லை, ஒரு பெயருக்கு ஒன்றுதான் ஓடும்.

விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய ஸ்கிரிப்டுகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். முதல் வரியில் எழுதிய ஷெல்லின் பெயரோடு அதுவும் சேர்ந்துகொள்ள, அப்படி ஒரு ஷெல்லே இல்லை என்று லினக்ஸ் சொல்லும். ஜர்னலில் 203 என்ற எண் தெரிந்தால் முதலில் இதையும், கோப்புக்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய மெஷின் என்றால் மதர்போர்டின் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நெட்டிலிருந்து நேரம் வாங்கும் வரை, கடைசியாகச் சேமித்த நேரத்தையே சிஸ்டம் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பில் போட்டால் நேற்றைய தேதியில் ஜிஎஸ்டி பில் வரும். நேரம் சரியாகும் வரை ஆப்பையே நிறுத்தி வைக்க சிஸ்டம்டியில் வழி இருக்கிறது. நெட் இல்லாத நாளில் கடையே நின்றுவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. தேதி சந்தேகம் என்றால் திரையில் சிவப்பில் எச்சரிக்கை, கூடவே ஐம்பது ரூபாய்க்கும் குறைவான பேட்டரி ஒன்று. இரண்டாவதுதான் உண்மையான தீர்வு.

இரண்டு கவுன்டர் கடையில் சர்வர் குறிப்பிட்ட ஐபி முகவரியில் மட்டும் காது கொடுக்கும்படி எழுதியிருந்தால், ரவுட்டர் எழும் முன்பே மெஷின் எழுந்த நாளில் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று செத்துவிடும். எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கச் சொல்லி, வெளியாட்களை ஃபயர்வாலில் தடுப்பது நிம்மதி.

ஒற்றை மெஷின், ஒற்றை விண்டோ, தனி டேட்டாபேஸ் இல்லை என்றால் இவ்வளவும் வேண்டாம். காசிமேட்டில் மீன் கமிஷன் கணக்கை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுகிறவருக்கு, காலையில் அந்தக் கோப்பு தானாகத் திறந்தால் போதும். ஆட்டோஸ்டார்ட்டில் ஒரு வரி, அதோடு விட்டுவிடலாம்.

ஒப்படைக்கும் முன்

ரீஸ்டார்ட் செய்து பார்த்து 'வருது' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சோதனை ஆகாது. அது ஒழுங்காக மூடித் திறப்பது. கடையில் நடப்பது அதுவல்ல. டேட்டாபேஸைப் பிரதி எடுத்து வெளியே வைத்துவிட்டு, சோதனைக் கணக்கில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு நெட் கேபிள் இல்லாமல் ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பைக் கொன்று, தானாக எழுகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஜர்னலைத் திறந்து, எது எத்தனை நொடியில் எழுந்தது என்று பார்த்தால் மேல் எல்லைகளை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், கரண்ட் திரும்பினால் மெஷின் தானாக ஆன் ஆகும்படி வைக்கவும் மறக்காதீர்கள். பெரும்பாலான போர்டுகளில் இது முதலில் ஆஃபில் இருக்கும். யுபிஎஸ் பேட்டரி குறையும்போது மெஷினை முறையாக ஷட்டவுன் செய்யும்படி வைத்திருந்தால் இன்னொரு கணக்கு உண்டு: ஷட்டவுன் முடிந்து, யுபிஎஸ் முழுக்கத் தீரும் முன்பே கரண்ட் வந்துவிட்டால், மெஷினைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. அது தானாக எழாது. ஷட்டவுன் ஆனபின் தன் வெளியீட்டையே துண்டித்து, கரண்ட் வந்ததும் திரும்பக் கொடுக்கும் வசதி யுபிஎஸ்ஸில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் அந்த ஒரு சந்தர்ப்பத்தில் பட்டனை அழுத்தச் சொல்லி கவுன்டர் பையனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.